தருமபுரியில் இருந்தபடியே கிரேக்க, ரோமானிய முதுகலைப் படிப்புக்குத் தயாராவது எப்படி

பண்டைய கிரேக்கம், ரோம் பற்றி மேற்படிப்பு படிக்க ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் தேடுவது பல்கலைக்கழகத்தின் பெயர், அடுத்தது உதவித்தொகை, அப்புறம் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் கிரேக்கமும் லத்தீனும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். விண்ணப்பிக்கப் போகும் நாளுக்கு இரண்டு வருடம் முன்பே மொழியைத் தொடங்கிவிடுங்கள், மற்ற எல்லாம் அதன் பின்னால் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரிகளில் வரலாறோ தமிழோ ஆங்கிலமோ படித்தவர்களுக்கும், ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே இந்த ஆசையை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் 'கிளாசிக்ஸ்' என்ற பெயரில் நடக்கும் துறை ஒரே படிப்பு அல்ல. ஹோமர், வர்ஜில் என்று மூல நூல்களை மொழியோடு படிப்பது ஒரு பிரிவு, பண்டைய வரலாறு இன்னொரு பிரிவு, அகழாய்வு, தத்துவம், கல்வெட்டு, பாப்பிரஸ் என்ற எகிப்திய நாணல் தாள் சுவடிகள் என்று பல கிளைகள் இருக்கின்றன. ஆக்ஸ்போர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கிய முதுகலைக்குப் போனால் மூல நூலை நேரடியாக வாசிக்கத் தெரிந்தவராகத்தான் உங்களை எதிர்பார்ப்பார்கள். பண்டைய வரலாறோ தொல்லியலோ எடுத்தால், பிரிட்டனில் பல இடங்களில் மொழி தெரியாமலும் சேரலாம், சேர்ந்த பிறகு தொடக்கநிலை கிரேக்கம் அல்லது லத்தீனை ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனால் முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் எந்தக் கிளையிலும் மொழியிலிருந்து தப்ப முடியாது. அங்கே போய் ஒரே வருடத்தில் இரண்டு மொழியையும் கட்டுரைகளையும் சேர்த்துச் சுமப்பது பெரிய பாரம், முடிந்தவரை இங்கேயே முடித்துக்கொண்டு போவது நல்லது.

சரி, எந்த மொழி முதலில்? என் கருத்து, முதல் வருடம் லத்தீன், ஆறு மாதம் கழித்துக் கிரேக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லத்தீன் எழுத்து நமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துதான், அதனால் முதல் நாளே இலக்கணத்துக்குள் போய்விடலாம். கிரேக்கத்துக்கு 24 எழுத்துகள், உச்சரிப்புக் குறிகள், வினைச்சொல்லில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் என்று நுழைவாயிலே கொஞ்சம் உயரம். உங்களுக்கு ஆர்வம் முழுக்க பிளேட்டோ மேலும் ஏதென்ஸ் மேலும் இருந்தால் மட்டும் கிரேக்கத்தை முதலில் தொடங்குங்கள், ஏனென்றால் பிடிக்காத மொழியைத் தனியாக உட்கார்ந்து ஒரு வருடம் படிக்க யாராலும் முடியாது.

லத்தீனுக்கு வீலாக்கின் பாடநூல் தனியாகப் படிப்பவர்களுக்குத் தோதானது. மொத்தம் 40 பாடங்கள், வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு வருடத்துக்குள் முடியும், நடுவில் கல்லூரித் தேர்வும் பண்டிகையும் வந்தால்கூட. கதையாகப் படித்துக்கொண்டே மொழியைப் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு ஓர்பெர்க் எழுதிய புத்தகம் இருக்கிறது, அதில் முதல் வரியிலிருந்தே எல்லாம் லத்தீன்தான், விளக்கம்கூட லத்தீனில். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது, ஒன்றில் இலக்கணம் பிடிபடும், மற்றதில் வாசிக்கும் வேகம் வரும். கிரேக்கத்துக்கு அதெனாசே இரண்டு தொகுதிகள் போதும். அகராதிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் லோகியான் தளத்தில் பெரிய அகராதிகள் எல்லாம் இலவசமாக இருக்கின்றன. மூல நூல்களுக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்நூலகம் இருக்கிறது. ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பகுப்பு வரும். ஆனால் தொடக்கத்திலேயே அந்த வசதியில் சாய்ந்துவிட்டால் மனதில் ஒன்றும் நிற்காது, முதலில் நீங்களே பகுத்துப் பார்த்து, பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள்.

தமிழில் நன்றாக இலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே உண்மையான ஆதாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த வேற்றுமை, பெயரெச்சம், வினையாலணையும் பெயர் எல்லாம் இங்கே வேலை செய்யும். லத்தீனில் ஆறு வேற்றுமை, கிரேக்கத்தில் ஐந்து, எட்டு வேற்றுமையோடு வளர்ந்த நமக்கு அந்த எண்ணம் புதிதல்ல. லத்தீன் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதும் நமக்கு இயல்பு. கிரேக்கத்தில் சுட்டுச்சொல்லும் எச்சவினையும் சேர்ந்து 'வந்தவன்' என்று ஒரு பெயராகும், அது வேற்றுமை ஏற்று 'வந்தவனை' என்றும் ஆகும். ஆங்கிலத்தில் இதை விளக்க நான்கு சொல் வேண்டும், நமக்கு ஒரு சொல் போதும். 'எழுந்து, ஆயுதம் எடுத்து, ஆற்றைக் கடந்து, போரிட்டான்' என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போகும் கிரேக்க உரைநடையும் நம் காதுக்குப் பழகிய நடைதான்.

எங்கே இடறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது பால். நமக்கு உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பால் தெரியும். லத்தீனில் கை பெண்பால், சுவர் ஆண்பால், போர் இரண்டும் சாராத மூன்றாவது பால், இதற்குக் காரணம் தேடாமல் ஒவ்வொரு சொல்லையும் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். இரண்டாவது, 'மரங்களை' என்பதில் பன்மை விகுதி தனியாகவும் உருபு தனியாகவும் நமக்குத் தெரியும், லத்தீனில் எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கரைந்துவிடும், பிரித்தெடுக்க முடியாது. மூன்றாவதுதான் ரொம்பவே படுத்தும்: அயற்கூற்று. நாம் 'என்று' வைத்து முடிக்கும் இடத்தில் லத்தீனில் அப்படி ஒரு சொல்லே வராது, எழுவாய் இரண்டாம் வேற்றுமைக்கு மாறும், வினையும் முற்றுவினையாக வராமல் நிற்கும், சீசர் இப்படிப் பேச்சுகளைப் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டே போவார். இந்த ஒரு இலக்கணத்துக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் தனியாக ஒதுக்குங்கள்.

படிக்கும் முறை பற்றி ஒன்று. நீளமான நோட்டு ஒன்று வாங்குங்கள். இடப்பக்கம் மூல வாக்கியத்தை மூன்று வரி இடைவெளி விட்டுக் கையால் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே வேற்றுமை, எண், பால் அல்லது காலம், இடம் என்று பென்சிலால் குறியுங்கள். வலப்பக்கம் முதலில் தமிழில் மொழிபெயர்ப்பு, அதற்குக் கீழே ஆங்கிலம். தமிழை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஆங்கிலத்தில் சொல் வரிசையை வைத்து ஒப்பேற்றிவிடலாம், தமிழில் 'ஐ' போடுவதா 'கு' போடுவதா என்று கை நின்றுவிடும், அங்கேதான் உங்களுக்கு எது புரியவில்லை என்பது தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும், ஆனால் தினமும். பாடநூல் முடிந்ததும் லத்தீனில் சீசர், கிரேக்கத்தில் செனபோன், பிறகு லிசியாஸ், பிளேட்டோவின் சிறிய உரையாடல்கள் என்று போகலாம். மொழிபெயர்ப்பில்லாமல், முன்பின் பார்க்காத ஒரு பத்தியை அகராதியோடு ஒரு மணி நேரத்துக்குள் பெயர்க்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கிடைப்பாரா? இந்தியாவில் இதற்கென்று முழுத் துறைகள் அரிது. ஆனால் நம் பக்கத்தில் கோவிலூர், எலத்தகிரி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் இருக்கின்றன, வயதான குருக்களில் குருமடத்தில் லத்தீன் படித்தவர்கள் இருக்க வாய்ப்புண்டு, மரியாதையாகப் போய்க் கேட்டால் உட்கார வைத்துச் சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள். உச்சரிப்பு மட்டும் திருச்சபை வழக்கில் இருக்கும், பல்கலைக்கழகங்களில் வேறு மாதிரி, அதைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பெங்களூரு இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் நடத்துகிறார்கள். அது ஏதென்ஸ் எழுத்தாளர்களின் கிரேக்கத்தைவிட எளிமையானது, நான்கு நூற்றாண்டு பிந்தியது, ஆனாலும் அடித்தளம் ஒன்றுதான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான், வாரம் ஒருநாள் வகுப்பென்றால் போய்வந்துவிடலாம்.

அடுத்தது ஆய்வுக் கேள்வி. நம் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் பெரும்பாலானோர் யவனர் வணிகத்தைப் பற்றித்தான் எழுதுவார்கள். நல்ல தலைப்பு, அதில் சந்தேகமே இல்லை, உங்கள் தமிழ் அங்கே பெரிய தகுதி. ஆனால் 'தமிழகத்துக்கும் ரோமுக்கும் தொடர்பு இருந்தது' என்பதை இனிமேல் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அரிக்கமேட்டில் வீலர் 1945லேயே தோண்டிவிட்டார், செங்கடல் கரையில் பெரெனிகேயிலும் குசேர் அல் காதிமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்துவிட்டன. நீங்கள் அதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்கு மூலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

வியன்னாவில் இருக்கும், சேரர் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகம் பற்றிய முசிறி பாப்பிரஸையே எடுத்துக்கொள்வோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985ல் அச்சில் வெளியானது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம்: சரக்கைச் செங்கடலிலிருந்து ஒட்டகத்தில் ஏற்றி, பாலைவனம் கடந்து கொப்தோஸ் கொண்டுவந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியாவில் சேர்ப்பது, அங்கே நான்கில் ஒரு பங்கு வரி. மறுபக்கம் ஹெர்மபோல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு, கங்கைக் கரை நறுமணத் தைலமும் யானைத் தந்தமும் அதில் வருகின்றன, அதில் காட்டும் மதிப்பு 1,154 தாலந்துக்கு (அக்காலப் பண அளவு) மேல். மிளகு என்ற சொல் கிடைத்திருக்கும் பகுதியில் இல்லை, சிதைந்துபோன இடத்தில் அது இருந்திருக்கும் என்று கணக்கை வைத்து ஊகிக்கிறார்கள். எந்த வரி மிஞ்சியிருக்கிறது, எதை அறிஞர்கள் இட்டு நிரப்பினார்கள், ஒவ்வொருவரும் எப்படி வேறுபட்டு நிரப்பினார்கள் என்பது கிரேக்கம் தெரிந்தவருக்கே தெரியும். ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைத்திருப்பவர் அந்த விவாதத்துக்குள்ளேயே போக முடியாது. பெரிப்ளஸ் என்று சொல்லும் எரித்திரியக் கடல் வழிகாட்டிக்கும் (கடல் வணிகர்களுக்கான பழைய கிரேக்க நூல்) இதே கதைதான், நமக்குக் கிடைத்திருப்பது பத்தாம் நூற்றாண்டில் பிரதி எடுத்த, பிழைகள் மலிந்த ஒரு சுவடி, இப்போது ஹைடல்பெர்க்கில் இருக்கிறது, அதில் ஊர்ப்பெயர்கள் எப்படிச் சிதைந்தன என்று யோசிக்க நம் கரையோர ஊர்ப்பெயர்களும் சங்கப் பாடல்களும் தெரிந்த ஒருவர் தேவை.

வணிகத்தைத் தவிரவும் வழி உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்கள் எவ்வளவு இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கல்லூரியிலோ ஆர்வலர் குழுவோடோ போய் வட்டெழுத்து நடுகல்லில் மைப்படி எடுத்திருக்கிறீர்களா? அதை உங்கள் நோக்க அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள். கிரேக்கக் கல்வெட்டாளர்களும் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்தைத் தாளில் இறக்குகிறார்கள், மை மட்டும் பூசுவதில்லை. கல்லைச் சுத்தம் செய்வதிலிருந்து, தாளுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று நிற்காமல் அடிப்பது, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது தேய்ந்த எழுத்தைப் படிப்பது வரை கையால் செய்து பழகிய மாணவர்கள் வெளிநாட்டு வகுப்பிலும் குறைவு. போரில் இறந்தவனுக்குக் கல் எழுப்பி, பெயரும் ஊரும் பொறிப்பது கிரேக்கத்திலும் பெரிய மரபு. இரண்டையும் ஒப்பிடுகிறேன் என்று அகலமாக எழுதாமல், இறந்தவனின் பெயரை யார் கொடுக்கிறார்கள், குடும்பமா ஊரா அரசனா என்கிற மாதிரி ஒரு குறுகிய கேள்வியாகக் கொண்டுபோனால் கவனிப்பார்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரு வருடம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் தவிர லண்டனில் யூசிஎல், கிங்ஸ் கல்லூரி, வடக்கே டரம், எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் எல்லாம் நல்ல துறைகள். அமெரிக்காவில் இளங்கலைக்குப் பிறகு நேராக முனைவர் பட்டத்துக்குப் போகலாம், நல்ல இடங்களில் கட்டணமும் இல்லை, மாதப் பணமும் தருவார்கள், ஆனால் இரண்டு மொழியிலும் வலுவாக இருக்க வேண்டும், போகப் போக ஜெர்மன், பிரெஞ்சு அல்லது இத்தாலிய வாசிப்புத் தேர்வும் வரும். மூன்று வருட இந்தியப் பட்டத்தை ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு இடத்திலும் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அங்கே சில மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கே கட்டண விலக்கு கொடுத்து, இளங்கலை மாணவர்களுக்கு லத்தீன் சொல்லித்தரும் வேலையும் தருகிறார்கள். நம் பிள்ளைகள் யாரும் கவனிக்காத வழி இது, நான் முதலில் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. ஆனால் பாடம் ஜெர்மனில், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும், செலவுக்கு வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகையும் 11 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும். இத்தாலியில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் குறையும், உதவித்தொகையும் உண்டு, தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழை மொழிபெயர்த்து அத்தாட்சி வாங்கத் தயாராக இருங்கள்.

பணம். இதில் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குக் கட்டணம் மட்டுமே 25 லட்சம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம், அதற்குமேல் வாடகை, சாப்பாடு, விசா. இந்தப் படிப்புக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். பொறியியல் முதுகலை மாதிரி முடித்த உடனே சம்பளம் வந்து கடன் அடையும் துறை அல்ல இது. இடம் கிடைத்து உதவித்தொகை கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடம் பொறுங்கள், அந்த வருடத்தில் உங்கள் கிரேக்கம் இன்னும் நன்றாக ஆகும், அடுத்த விண்ணப்பம் வலுவாக இருக்கும். ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன், கேம்பிரிட்ஜின் கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகை இரண்டுக்கும் பாடத் தடை இல்லை. ஃபெலிக்ஸ் உதவித்தொகை இந்தியாவில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு, ஆக்ஸ்போர்டும் அதில் உண்டு. இன்லாக்ஸ் உதவித்தொகையையும் பாருங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், ஓசூரில் வேலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். ஜே.என். டாட்டா கொடுப்பது கடன், உதவித்தொகை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் தமிழக அரசின் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன, இந்த ஆண்டு எந்தப் பாடங்கள், எந்தப் பல்கலைக்கழகங்கள் என்ற விதியை அறிவிப்பு வந்ததும் முழுக்கப் படியுங்கள், வருடாவருடம் மாறும்.

ஆவணங்களில் சிக்கல் வருவது பரிந்துரைக் கடிதத்தில்தான். பல்கலைக்கழகம் பேராசிரியருக்கு நேரடியாக ஒரு இணைப்பை அனுப்பும், கல்லூரி மின்னஞ்சல் முகவரி கேட்கும், நம் பக்கத்தில் பலர் பயன்படுத்துவது சொந்த ஜிமெயில். மூன்று மாதம் முன்பே போய், கல்லூரி முகவரி ஒன்று கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் கல்லூரி முத்திரைத் தாளில் கடிதம் வாங்கி, நிலைமையை விளக்கிச் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்று நான்கு வரி எழுதித் தந்தால் பயனில்லை. நீங்கள் எழுதிய கட்டுரை, தனியாகப் படித்த மொழி, கள ஆய்வு எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து அவரிடம் கொடுங்கள், சங்கடப்பட வேண்டாம், அவர்களுக்கும் அது உதவிதான். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழா வரை தாமதமாகும், அதுவரை தற்காலிகச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் போதும், அதற்குச் சேலத்துக்கு ஒரு நடை பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். ஐஈஎல்டிஎஸ்ஸில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கேட்பது மொத்தம் 7.5. தமிழ்வழியில் படித்தவர்கள் எழுத்துப் பகுதிக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிக் கட்டுரைக்கு நேரம் கொடுங்கள், மதிப்பெண்ணைவிட அதைத்தான் அக்கறையாகப் படிப்பார்கள். ஒரு சிறிய மூலப் பகுதி, பத்து இருபது வரி போதும், அதை நீங்களே பெயர்த்து, உங்கள் வாசிப்பு ஏன் சரி என்று வாதிடுங்கள். ரோமின் வீழ்ச்சி, கிரேக்க ஜனநாயகம் என்று பெரிய தலைப்பில் இணையத்தில் கிடைத்ததைத் தொகுத்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை படிக்கலாம், பிரின் மார் இதழில் புதிய ஆய்வு நூல்களின் மதிப்புரைகள் இலவசம், மூலமும் ஆங்கிலமும் எதிரெதிரே இருக்கும் பழைய லோப் பதிப்புகள் இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். நேரில் போக முடிந்தால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன நூலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

வீட்டில் கேட்பார்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கலாமே, இதைப் படித்து என்ன வேலை என்று. நியாயமான கேள்வி, நேராகப் பதில் சொல்லுங்கள். வெளிநாட்டில் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. இந்தியாவில் நெட் தேர்வில் இதற்குத் தனிப் பாடம் இல்லை, வரலாறு அல்லது தொல்லியலில்தான் எழுத வேண்டும், அதற்கு உங்கள் முதுகலை வரலாற்று முதுகலைக்கு இணை என்று சான்று தேவைப்படும். பிரிட்டனின் ஓராண்டு முதுகலையை ஏற்கும் ஒப்பந்தத்தில் 2022 ஜூலையில் இரு நாடுகளும் கையெழுத்திட்டிருக்கின்றன, ஆனாலும் பட்டத்தின் பெயரில் 'வரலாறு' என்ற சொல் இருப்பது இங்கே வேலைக்குப் போகும்போது பெரிய வசதி. திரும்பி வந்து கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் பண்டைய வரலாறு முதுகலையைத் தேர்ந்தெடுங்கள், விருப்பப் பாடங்களாகக் கிரேக்கத்தையும் கல்வெட்டியலையும் எடுத்துக்கொள்ளலாம், படிப்பு முடிந்ததும் பாடவாரியாகத் தரும் மதிப்பெண் விவரத்தையும் பாடத்திட்ட நகலையும் பல்கலைக்கழக முத்திரையோடு இரண்டு மூன்று படி வாங்கிக்கொண்டுதான் ஊருக்குக் கிளம்ப வேண்டும், இங்கே வந்தபின் அதை வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும்.